வெள்ளி விழுந்தால் மரத்தைப் பார்

1

பினாங்கு நண்பர்களுக்கு,

ஜப்பான் சண்டையில் நின்றுபோன நம் பத்திரிகை மறுபடி அச்சேறப் போகிறதாம். இந்தியாவில் ‘வசிக்கும்’ நான் ஏதாவது எழுதவேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். அரசியல் வேண்டாம், அரிசி விலை வேண்டாம், ஒப்பாரி வேண்டவே வேண்டாம், கார்த்திகை மாதத்துக்கு ஏற்றதாக வாசகருக்குப் பயன்படட்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். இந்த மூன்றையும் கழித்துவிட்டால் இங்கே மிச்சமிருப்பது வானம் ஒன்றுதான். அதற்கு ரேஷன் கூப்பன் கிடையாது. ஆகவே, கார்த்திகை இரவில் வானத்தில் என்னென்ன பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் ஆசிரியருக்கு ஒரு திருத்தம். நான் இங்கே வசிக்கவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

1941 ஐப்பசியில், கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கும் என் அப்பாவின் ஊருக்கு மூன்று வாரத்துக்கென்று வந்தேன். பூர்வீக நிலத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மனைவி தையல்நாயகிக்குக் கைக்குழந்தை. மூன்று மாதத்துப் பையன். அவளைப் பினாங்கில் விட்டுவிட்டு, நான்கு வயது மகள் சரசுவை மட்டும் அழைத்துவந்தேன். கையெழுத்துப் போட்டுத் திரும்புவதற்குள் ஜப்பான்காரன் பினாங்கில் இறங்கிவிட்டான். கப்பல் நின்றது, தபால் நின்றது. மூன்று வாரம் ஐந்து வருஷமாயிற்று. துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த நான் இங்கே நட்சத்திரம் எண்ணுகிறேன். சரசுவுக்கு இப்போது ஒன்பது வயது.

இவ்வளவுதான் முன்னுரை. இனி வானம்.

2

பொழுது சாய்ந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் வெட்டவெளியில் வந்து நில்லுங்கள். நான் நிற்பது பெரியப்பா மகன் மாரப்பண்ணனின் நெற்களத்தில். நெற்களம் என்பது மரியாதைக்கு, அடிப்பதெல்லாம் கேழ்வரகு.

கிழக்கே முதலில் ஆறுமீன் ஏறிவரும். பஞ்சாங்கத்தில் கார்த்திகை என்று போட்டிருப்பது அதுதான். சின்னக் கொத்தாக, யாரோ அரிசிக் குருணையைக் கை தவறிச் சிந்தினாற்போல இருக்கும். நல்ல கண்ணுக்கு ஆறு தெரியும். என் மூக்குக்கண்ணாடிக்கு மூன்று தெரிகிறது. கண்ணாடியைக் கழற்றினால் ஒன்று, ஆனால் பெரியது.

நான் வந்த வருஷம் அந்த ஆறுமீனுக்குப் பக்கத்தில் சனியும் வியாழனும் வந்து குந்தியிருந்தன. ராஜாக்களுக்கு ஆகாது என்று ஊர் ஜோசியர் சொன்னார். கிட்டங்கிக் குமாஸ்தாவுக்கும் ஆகாது என்று அவர் சொல்லியிருக்கலாம். இப்போது சனி கடகத்துக்குப் போய்விட்டது, வியாழன் துலாத்துக்குப் போய்விட்டது. கிரகங்களுக்கெல்லாம் பிரயாண அனுமதி கிடைத்துவிடுகிறது. விண்ணப்பம் கொடுத்துக் காத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

வடக்கே திரும்பிக் கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அடிவானத்தில் வைத்த முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே மங்கலாக ஒன்று நிற்கும். அது துருவ நட்சத்திரம். பினாங்கில் அது மலைக்கும் மூட்டத்துக்கும் கீழே முங்கிக் கிடப்பதால் நாற்பது வயது வரை நான் அதைப் பார்த்ததில்லை. இந்தப் பக்கத்தில் நட்சத்திரத்துக்கு வெள்ளி என்றுதான் பெயர். எல்லா வெள்ளியும் நகரும், அது மட்டும் நகராது என்று மாரப்பண்ணன் காட்டிக்கொடுத்தார். பார்த்த முதல் நாளே எனக்கு அதன்மேல் ஒரு பங்காளிப் பாசம் வந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்தால், கிழக்கே மூன்று வெள்ளி ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி நிற்கும். அந்த மூன்றையும் கோடு போட்டுக் கீழே இழுத்தால் கோடு தீர்த்தமலைப் பக்கம் போய் இறங்கும். கார்த்திகைக் கடைசியில் அங்கிருந்து ஒரு பெரிய வெள்ளி கிளம்பும். வானத்திலேயே பெரிய நட்சத்திரம் அதுதான். ஆங்கிலப் புத்தகத்தில் அதற்கு சிரியஸ் என்று பெயர். இந்த ஊரில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் வந்ததற்கு நான்தான் காரணம்.

3

அந்த முதல் கார்த்திகையின் கடைசி வாரம். பினாங்கில் குண்டு விழுந்தது என்ற செய்தி, ஒரு நாள் பழசான பேப்பரில், கம்பைநல்லூர்க் கடையில் எனக்குக் கிடைத்தது. எந்தத் தெரு, எத்தனை பேர் என்றெல்லாம் அதில் இல்லை. பள்ளிக்கூட வாத்தியாரிடம் பூகோளப் படத்தை இரவல் வாங்கினேன். கம்பைநல்லூர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அதிலிருந்து பினாங்குக்கு நூல் பிடித்தேன். நூல் கிழக்கே போய்ச் சற்றுத் தெற்கே சாய்ந்தது. களத்தில் வந்து நின்று அந்தத் திக்கைப் பார்த்தால் எதிரே தீர்த்தமலை. ஆக, என் மனைவி தீர்த்தமலைக்கு நேர் பின்னால் ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி இருக்கிறாள் என்று கணக்காயிற்று. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் மலையைப் பார்த்து நிற்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

அப்படி நிற்கும்போதுதான் மலைக்கு மேலே அது கிளம்பியது. சிவப்பாக மின்னியது, பச்சையாக மின்னியது, மறுபடி சிவப்பு. பினாங்குத் திக்கிலிருந்து, நூல் பிடித்தாற்போல, நேரே என்னைப் பார்த்து வந்தது.

அடுத்து நடந்தவற்றை நான் செய்ததாக ஊரார் சொல்கிறார்கள். எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. ஏரோப்ளான், ஏரோப்ளான் என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினேனாம். வீட்டுக்குள் பாய்ந்து விளக்கை ஊதி அணைத்தேனாம். மாரப்பண்ணனின் மனைவி நஞ்சம்மா அண்ணி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் மேலே தெரியும் என்று அந்த அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினேனாம். சரசுவை அள்ளிக்கொண்டு வைக்கோல் போரில் தலையை விட்டேன். இது நினைவிருக்கிறது. தலை மட்டும்தான் உள்ளே போனது. மிச்சத்தை ஜப்பான்காரன் சுட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன் போலும்.

மாரப்பண்ணன் களத்தில் நின்று வெற்றிலை மென்றபடி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் போரைப் பார்த்தார்.

“தம்பி, அது வருசா வருசம் வர்ற வெள்ளிங்க. எறங்காது. நீங்க எறங்கி வாங்க.”

அன்றிரவு வீட்டில் யாருக்கும் களி இல்லை. மறுநாள் சந்தையில் எனக்குத் தெரியாதவர்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். “என்னங்க, இன்னைக்கு ப்ளான் எத்தன மணிக்குங்க?” என்று காய்க்காரர் கேட்டார். அதுமுதல் அதற்கு ஏரோப்ளான் வெள்ளி என்று பெயர். போன மாதம் தூரத்து மாரண்டஹள்ளியிலிருந்து வந்த ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொன்னார். என்னால் இந்தத் தேசத்துக்கு ஆன பிரயோஜனம் இதுவரை அது ஒன்றுதான்.

4

சண்டைக் காலத்தில் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது. பினாங்கிலோ தோக்கியோ நேரம் என்று கேள்வி. ஆறுமீன் இரண்டு உத்தரவையும் மதிக்காமல் தன் நேரத்துக்கு ஏறியது. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. பிரயாண அனுமதி கேட்ட ஆபீசில் வா என்ற நாளில் வந்தேன், போ என்ற நேரத்தில் போனேன். நீங்கள் மலாய்க்காரரா, இந்தியரா என்று கேட்டார்கள். தமிழன் என்றேன். அதற்குக் காகிதத்தில் கட்டம் இல்லை என்றார்கள்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கும் சீமை இது. தீர்த்தமலை, சித்தேரி, வத்தல்மலை என்று வரிசையாக வேலி. மேலே வானம் மூடி. சோற்றுப்பானையில் விழுந்த பல்லி மேலே பார்ப்பதுபோலத்தான் நான் நட்சத்திரம் பார்த்தேன். ஆராய்ச்சி என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை.

என் வாயிலிருந்து சந்தைக்குப் ‘பசார்’ என்றும், தொல்லைக்கு ‘சூசா’ என்றும் வரும், ஊரே சிரிக்கும். சரசு சிரிப்புக்கு இடம் வைக்கவில்லை. ஆறே மாதத்தில் மலாய்ப் பேச்சு மொத்தமும் அவளிடமிருந்து கழன்றது. அடுத்த வீட்டுக் கன்னடக்காரப் பிள்ளைகளோடு கன்னடம் பேச ஆரம்பித்தாள். நான் வீடு என்றால், “வூடுங்கப்பா” என்று திருத்துவாள். பிறகு கடல் போயிற்று. கப்பல் வரையச் சொன்னால் சக்கரம் வைத்து வரைந்தாள். இழுக்க இரண்டு மாடும் பூட்டியிருந்தாள்.

அதற்குப் பிறகு எது போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பயம்.

அண்ணன் வீட்டில் பிள்ளை கிடையாது. அண்ணிதான் சரசுவுக்குத் தலை வாரி, சோறு பிசைந்து, பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டார்கள். சரசு அவர்களைப் பெரியம்மா என்றுதான் அழைத்தாள். ஓடும் அவசரத்தில் ‘பெரிய’ தேய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் கொல்லையிலிருந்து வெறும் “ம்மா” கேட்டது. விழுந்தடித்து ஓடினேன். எட்டிப் பார்த்தால் கூப்பிட்டது கன்றுக்குட்டி. இப்படி ஒரு வருஷம் ஊரிலுள்ள மாடுகளெல்லாம் என்னை மாறிமாறிப் பயமுறுத்தின. கடைசியில் ஒருநாள் கூப்பிட்டது சரசுவேதான். “ஏஞ்சாமி” என்று அண்ணி பதில் கொடுத்தார்கள். நான் கேட்காததுபோல வானத்தைப் பார்த்தேன். அப்போது மணி பகல் பதினொன்று.

5

கார்த்திகைக் கடைசியில் பார்க்கவேண்டிய இன்னொன்று எரிநட்சத்திரம். விளக்கு வைத்து ஒரு ஜாமம் கழிந்தால் வடகிழக்கிலிருந்து விழ ஆரம்பிக்கும். நிலவில்லாத நாளானால் களி தின்று கை கழுவுவதற்குள் நாலைந்து பார்த்துவிடலாம்.

வெள்ளி விழுவதைப் பார்த்தால் மறதி வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. தப்பித்தவறிப் பார்த்துவிட்டால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும். அப்போது மறதி மரத்தோடு போய்விடும். நான் படித்தவனாயிற்றே, சிரித்தேன். சரசுவைக் களத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, விழுவதை எண்ணு, அதிகமாக எண்ணினால் வெல்லக்கட்டி என்று பந்தயம் கட்டினேன். ஒன்று விழும். அவள் கூவுவாள். உடனே அண்ணி ஓடிவருவார்கள்.

“கொளந்தைக்கு ஏனுங்க தம்பி இதெல்லாம்? இருக்கற நெனப்பும் போயிருமுங்க.”

சரசுவின் கையைப் பிடித்துக் களத்து மூலையில் நிற்கும் வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போவார்கள். அவள் முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக் காதில் ஏதோ சொல்வார்கள். அவளும் ஏதோ முணுமுணுப்பாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். ஒவ்வொரு கார்த்திகையும் இதே கதைதான். மற்ற மாதங்களிலும் எப்போதாவது ஒன்று விழுந்தால் இதே கதை. என்னிடமிருந்து பிள்ளையைப் பிரித்து இரகசியம் பேசுகிறார்கள் என்று எனக்கு உள்ளே புகைந்தது. சோறு போடுகிறவர்களைப் பற்றி அப்படி நினைக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே நினைத்தேன்.

மூன்றாவது கார்த்திகையில் சரசு என்னைக் கேட்டாள்: “அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கங்கப்பா?”

இடது பக்கம் என்றேன். சொன்ன பிறகு வலது பக்கமோ என்று தோன்றியது. கண்ணை மூடிப் பார்த்தேன். தையல்நாயகியின் சேலை தெரிந்தது, குரல் கேட்டது, கோபம்கூட நன்றாகத் தெரிந்தது. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளை மறந்துவிடுவாள் என்று காவல் காத்தவன் நான். திருட்டு என் பெட்டியிலேயே நடந்திருக்கிறது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், யாரும் பார்க்காமல், களத்து மூலைக்குப் போய் மரத்தின் எதிரே நின்றேன். மூன்று கார்த்திகையாக அண்ணாந்து பார்த்த அத்தனை வெள்ளிக்கும் சேர்த்து ஒரேயடியாகப் பார்த்துவிடுவதென்று திட்டம். பின்னால் செருமல் கேட்டது. மாரப்பண்ணன்.

“என்னங்க தம்பி, மரத்துகிட்ட?”

“புளி காய்ச்சிருக்கான்னு பாத்தேங்கண்ணா.”

அவர் மரத்தை அடியிலிருந்து நுனி வரை நிதானமாகப் பார்த்தார். “வேம்புல இந்த வருசம் இன்னும் புடிக்கலீங்க,” என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார்.

6

சண்டை முடிந்து அடுத்த மாசியில் தையல்நாயகியின் கடிதம் வந்தது. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். பையன் நடக்கிறான், பேசுகிறான், காலண்டரில் இருக்கும் ஒரு மீசைக்காரரை அப்பா என்று கூப்பிடுகிறான். கடைசி வரி: ‘சரசுவுக்கு என்னைத் தெரியுமா?’

அந்த வரிக்கு மட்டும் பதில் எழுதவில்லை. கப்பலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று சுற்றி வளைத்தேன்.

எழுதிப் போட்டது உண்மைதான். எட்டு மாதம் காகிதங்கள் ஓர் ஆபீசிலிருந்து இன்னோர் ஆபீசுக்கு மாட்டுவண்டியில் போயின என்று நினைக்கிறேன். இந்தக் கார்த்திகை பிறந்ததும் பிள்ளையோடு நேரில் வரச் சொல்லி உத்தரவு வந்தது. நான் வந்தபோது எழுதிய காகிதத்தில் ‘பெண் குழந்தை, வயது நான்கு, தாய் தையல்நாயகி’ என்று இருக்கிறது. அந்த நான்கு வயதுக் குழந்தைதான் இந்த ஒன்பது வயதுப் பெண் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டுமாம். ஒப்பாவிட்டால் காகிதம் முதலிலிருந்து கிளம்பும். இன்னும் எத்தனை கார்த்திகையோ.

அண்ணியும் கூடவே வந்தார்கள். வண்டியில் வரும்போதே சரசுவின் தலையை இரண்டு தடவை அவிழ்த்து இரண்டு தடவை பின்னினார்கள். ஆபீசுக்குள் வரமாட்டேன் என்று வெளியே புளியமரத்தடியில் பொரி மூட்டையோடு உட்கார்ந்துகொண்டார்கள். இது நிஜமாகவே புளியமரம், காய் பார்த்துவிட்டேன்.

அதிகாரி வயதானவர், சாதுவாக இருந்தார். என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுச் சரசுவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“உங்க அம்மா பேரு என்னம்மா?”

சரசு என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே புளியமரம். அதன் அடியில் நஞ்சம்மா அண்ணி.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஐந்து வருஷம் தலை வாரிவிட்ட கை அங்கே உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பிள்ளையும் அந்தப் பெயரைத்தான் சொல்லும். பொய்யென்றும் சொல்ல முடியாது. வைக்கோல் போர் இருந்தால் தலையை விட்டிருப்பேன். அதிகாரியின் மேசை அடியில் இடம் இருக்கிறதா என்றுகூட ஒரு கணம் பார்த்தேன்.

“தையல்நாயகிங்க,” என்றாள் சரசு, மரத்தைப் பார்த்தபடியே.

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. “யாரு சொல்லிக்கொடுத்தா?” என்று கேட்டு என்னைப் பார்த்தார்.

“பெரியம்மாங்க. வெள்ளி வுளுந்தா மரத்தைப் பாத்து அம்மா பேரச் சொல்லணுமுங்க. இல்லாட்டி மறந்துருமாமுங்க. எனக்கு நெறைய வெள்ளி வுளுந்துச்சுங்க. அப்பாதான் பாக்கச் சொன்னாருங்க.”

வேப்பமரத்தடியில் ஐந்து வருஷமாக நடந்த இரகசியம் இதுதான். அந்தப் பெயரை இந்தப் பிள்ளை மறந்தால் யாருக்கு இலாபமோ, அவர்களேதான் ஒவ்வொரு தடவையும் அதை அவள் வாயில் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார்கள். நான் களத்தில் படுத்துக்கொண்டு வானசாஸ்திரம் பேசியிருக்கிறேன்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். என் பெயர், தொழில், வயது எல்லாம் கேட்டார், சொன்னேன். பிறகு, “நிரந்தர விலாசம்?” என்றார்.

பினாங்கு வீடு இருக்கிறதா, கூரை இருக்கிறதா, தையல்நாயகியின் கடிதத்தில் வேறு தெருவின் பெயர் அல்லவா இருந்தது? வாயில் கம்பைநல்லூர் வரை வந்து நின்றது. நானும் ஜன்னல் பக்கம் திரும்பினேன். மரம் நல்ல பச்சையாகத்தான் இருந்தது. அதன் அடியில் அண்ணி பொரியை மடியில் கொட்டி, சரசுவுக்குப் பிடிக்காத கடலைத்தோலைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்.

7

வரும் மாதத்துக்குள் கப்பல் சீட்டு வரலாம் என்கிறார்கள். வராமலும் இருக்கலாம். நேற்று ஏரோப்ளான் வெள்ளி தீர்த்தமலைக்கு மேலே ஏறியது. ‘பெரியம்மாவும் கப்பல்ல வருவாங்களா’ என்று சரசு கேட்டாள். அண்ணி முந்திக்கொண்டு, களத்தை யார் கூட்டுவது என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு உள்ளே போனவர்கள் அப்புறம் சாப்பிட வரவில்லை.

நண்பர்களே, பினாங்கில் இந்த மாதம் மழை விட்ட நாளில் கடற்கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். துருவ நட்சத்திரம் தவிர மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் தெரியும். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே உங்களுக்குக் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. தையல், இந்தப் பத்திரிகையை நீ வாங்குவாய் என்று எனக்குத் தெரியும். உன் கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று மறு தபாலில் எழுதிவிடு. கப்பலடியில் நான் வேறு யார் எதிரிலாவது போய் நின்றால் நன்றாக இருக்காது. அப்புறம், இப்போது இருக்கும் வீட்டு வாசலில் பச்சையாக மரம் ஏதாவது நிற்கிறதா பார். இல்லாவிட்டால் நாங்கள் வருவதற்குள் ஒன்று வை. அங்கேயும் வெள்ளி விழும். விழும்போதெல்லாம் சரசுவின் முகத்தை அதன் பக்கம் திருப்பி, நஞ்சம்மா என்று சொல்லச் சொல். என்னை நம்பாதே, நான் மேலே பார்த்துக்கொண்டிருப்பேன்.